முகவரி ஒரு குற்றமா?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை என்று ஒன்று உண்டு. சர்க்கார் காகிதத்தில் அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். இருபுறமும் வானத்தை முட்டும் கண்ணாடிக் கட்டடங்கள். உலகத்துக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அங்கே நடக்கிறது. தமிழ்நாட்டு வாலிபர்களின் எதிர்காலமே இந்தச் சாலையில்தான் இருக்கிறது என்று மந்திரிமாரும் முதலாளிமாரும் மேடைக்கு மேடை பேசுகிறார்கள்.

அதே சாலையில் துரைப்பாக்கத்தில் இறங்கி உள்ளே நடந்தால் கண்ணகி நகர் வருகிறது. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்த ஜனங்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000க்கு மேற்பட்ட வீடுகள். இன்னும் தெற்கே போனால் செம்மஞ்சேரி. அங்கே 6,700க்கு மேல். பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கே 20,000 அளவில். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு பட்டணமே பெயர்த்து நடப்பட்டிருக்கிறது!

கண்ணாடிக் கட்டடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் கண்ணகி நகர் வாலிபன் வேலைக்கு மனுப் போடும்போது முகவரி என்ற இடத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதுகிறான். உண்மையான பெயரை எழுதினால் மனு குப்பைக் கூடைக்குப் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. இது யாரோ ஒரு பையனின் மனப்பிராந்தி அல்ல. ஆராய்ச்சிக்காரர்கள் போய்க் கேட்டாலும், பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டாலும், வருஷக்கணக்காக அங்கே கிடைத்துவரும் பதில் இதுதான். நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லவே பிள்ளைகள் வாய் கூசும்படி செய்துவிட்டார்கள்!

பெரிய மனிதர்களைக் கேட்டால் அவர்களிடம் சுலபமான விளக்கம் தயாராக இருக்கிறது. "அந்தப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது. குடியும் அடிதடியும் அவர்கள் ரத்தத்தில் ஊறியது. வீடு கட்டிக் கொடுத்தும் உருப்படவில்லையே!" என்கிறார்கள். வீட்டைக் கட்டிக் கொடுத்தது வாஸ்தவம்தான். ஆனால் எங்கே கட்டினார்கள், எதை விட்டுவிட்டுக் கட்டினார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் இருந்த இந்த ஜனங்கள் யார்? நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், மீன் விற்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், பெயிண்டு அடிப்பவர்கள், குப்பை வாருபவர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களுடைய குடிசைக்குள் மழை நீர் வந்தது, கொசு வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் நடந்து போகிற தூரத்தில் பிழைப்பு இருந்தது. நடந்து போகிற தூரத்தில் கார்ப்பரேஷன் பள்ளி இருந்தது. ராயப்பேட்டையிலோ சென்ட்ரல் எதிரிலோ பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. கூரையைக் கொடுத்த கையே இந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டது.

ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பத்தாவது படித்துக்கொண்டிருந்தவனைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று. பொதுத்தேர்வு வருஷம். பழைய பள்ளியை விட மனமில்லை. தூரம் 20 கிலோமீட்டருக்கு மேல். காலை நெரிசலில் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். மாலையில் அதே ஒன்றரை மணி நேரம். நின்றுகொண்டேதான் போக வேண்டும். மூன்று மணி நேரம் இப்படிச் சாலையிலே கரைந்தால், புத்தகத்தை எப்போது எடுப்பான்? பஸ் பாஸ் இலவசம்தான், யார் மறுத்தார்கள்? நேரத்துக்கு இலவச பாஸ் கிடையாதே! தாயும் தகப்பனும் அதே பஸ்ஸில்தான் பழைய வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறார்கள். சின்னதுகளைப் பள்ளிக்கு அனுப்பவும் மத்தியானம் பார்த்துக்கொள்ளவும் யார் இருக்கிறார்கள்? மூத்த பெண்தான் இருக்கிறாள். முதலில் ஒரு நாள் நிற்கிறாள், பிறகு ஒரு வாரம் நிற்கிறாள், அப்புறம் ஆஜர்ப் பட்டியலில் அவள் பெயரே இல்லாமல் போகிறது. வயசுப் பெண், முன்பின் தெரியாத ஜனங்கள் நிறைந்த மாடிக் கட்டடம், எரியாத விளக்கு. பெற்றோர் பயந்து போய் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கல்யாணத்தை முடித்து விடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் அங்கேயும் வந்ததே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் குடும்பங்களை இறக்கிய பிறகு வந்தது. குழந்தைகள் வந்து நின்ற பின்தான் வகுப்பறை எத்தனை வேண்டும் என்று யோசித்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதை ஒட்டிய விதிகளும் ஆரம்பப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல சட்டம். ஆனால் அது பதினான்கு வயதோடு கையைக் கழுவிவிடுகிறது. ஒரு ஏழைப் பிள்ளை மேலே போகிறதா, கீழே விழுகிறதா என்பது தீர்மானமாகும் வயது பதினைந்தும் பதினாறும் பதினேழும்தானே!

இன்னொரு அக்கிரமம், வெளியேற்றும் காலம். 2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடித்தார்கள். பள்ளி வருஷத்தின் நட்டநடு. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடித்தார்கள். அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவர் தன் மேல் தீ வைத்துக்கொண்டு உயிரை விட்டார். சுப்ரீம் கோர்ட் உத்தரவு என்றார்கள். இருக்கட்டும். பரீட்சை முடியும் வரை புல்டோசர் காத்திருந்தால் எந்த வானம் இடிந்து விழுந்திருக்கும்? அதே ராஜா அண்ணாமலைபுரத்தில் பங்களாக்களும் இருக்கின்றன. அங்கே பரீட்சை சமயத்தில் பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால்கூடப் போலீசுக்குப் போன் போகும்.

இனி, வேலை விஷயத்துக்கு வருவோம். மில் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். மில்லில் பதிலி வேலை எப்படிக் கிடைக்கிறது? பத்திரிகை விளம்பரம் பார்த்தா? அப்பா வேலை செய்வார். பக்கத்து வீட்டு அண்ணன் வேலை செய்வார். "நாளைக்கு இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் வேண்டுமாம், பையனைக் கூட்டி வா" என்பார். தெருதான் ஏழையின் வேலை வாய்ப்பு ஆபீஸ். பெயிண்டருக்கும் கொத்தனாருக்கும் மெக்கானிக்குக்கும் அப்படித்தான். கூடப் போய், எடுபிடியாய் நின்று, தொழில் கற்றவன்தான் பின்னால் தொழில்காரன் ஆகிறான்.

அந்தத் தெருவையே கலைத்துவிட்டால்? ஒரு குப்பத்தைப் பெயர்த்தபோது அதன் ஜனங்களை ஒன்றாகக்கூட வைக்கவில்லை. குலுக்கலில் எந்த பிளாக் வந்ததோ, எந்த மாடி வந்ததோ அங்கே போ என்றார்கள். பத்து இடத்து ஜனங்கள் ஒரு மாடிப்படியில். எல்லோரும் பிழைப்பைத் தொலைத்தவர்கள். யார் யாருக்கு வேலை சொல்வது? ஆகவே, வெளியே தெரிகிற ஒரே வாசல் காண்டிராக்டர் வாசல். கண்ணாடிக் கட்டடத்துக்குள் கண்ணகி நகர் ஜனங்கள் போகிறார்கள், போகாமல் இல்லை. துடைப்பத்தோடு போகிறார்கள், காவல்காரன் சட்டையோடு போகிறார்கள். அம்மா தரை துடைத்த அதே மாடியில் மகள் கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்குத்தான் வழி இல்லை. அதற்கு வேண்டிய பள்ளியும் இங்கிலீஷும் சிபாரிசும் வேறு பேட்டைகளில் இருக்கின்றன.

இதற்கு மேல் போலீஸ் தொல்லை. எங்கே சங்கிலி அறுந்தாலும் முதல் தேடல் இங்கேதான் என்று அங்குள்ள ஜனங்கள் சொல்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் ஒரு இரவு ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்ட பையனுக்கு மறுநாள் பாடம் மண்டையில் ஏறுமா? கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் சர்க்கார் உத்தியோகக் கனவும் போயிற்று.

சுவர்களுக்கு வண்ணம் அடித்தது என்னவோ உண்மை! 2020 வாக்கில் கண்ணகி நகர்க் கட்டடங்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். பார்க்க அழகாகவே இருக்கின்றன. படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். வண்ணத்தை நாம் வெறுக்கவில்லை. ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டவர் எத்தனை பேர்?

இடம் ஒரு பிள்ளையின் தலைவிதியை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்தே சாட்சி இருக்கிறது. 1994ஆம் ஆண்டு அந்த நாட்டு சர்க்கார் ஒரு சோதனை தொடங்கியது. பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், வறுமை மண்டிய குடியிருப்புகளிலிருந்த சுமார் 4,600 குடும்பங்களைச் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு விழுந்தவர்களில் ஒரு பகுதியாருக்கு, வறுமை குறைந்த பேட்டைக்குக் குடிபோனால் வாடகைக்கு உதவி. சீட்டு விழாதவர்களுக்கு அந்த உதவி இல்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகு, ராஜ் செட்டி என்ற பொருளாதார நிபுணரும் அவருடைய சகாக்களும் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். பெரியவர்களுடைய சம்பளம் இடம் மாறியதால் உயரவில்லை. ஆனால் 13 வயதுக்கு முன் இடம் மாறிய குழந்தைகள், இருபத்தைந்து வயதை ஒட்டிச் சம்பாதித்தது, சீட்டு விழாத குழந்தைகளைவிட 31 சதவிகிதம் அதிகம்! 13 வயதுக்கு மேல் மாறியவர்களுக்கு அந்த லாபம் இல்லை. சொல்லப் போனால் கொஞ்சம் நஷ்டம்தான்.

இதைக் கவனியுங்கள், தோழர்களே. அதே ஏழைத் தாய்தான். அதே நிறம்தான். வித்தியாசம் ஒரு சீட்டு மட்டுமே. ரத்தத்தில் ஊறியது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்வார்கள்? வளர்கிற வயதில் எங்கே எத்தனை வருஷம் இருந்தது என்பதுதான் பிள்ளையின் கூலியைக்கூட நிர்ணயிக்கிறது. பழகிய இடத்திலிருந்து பதினைந்து வயதில் பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது என்பதற்கும் அதே கணக்கில் ஜாடை இருக்கிறது. அமெரிக்க சர்க்காருக்கு நாம் மாலை போட வேண்டியதில்லை. சீட்டு விழாத குழந்தை என்ன பாவம் செய்தது? பேட்டையை அப்படியே அழுக விட்டுவிட்டு, சில பேரை மட்டும் குலுக்கலில் தூக்கிவிடுவது என்ன நியாயம்? ஆனால் அவர்களாவது ஏழைக் குழந்தையை நல்ல பேட்டைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். இங்கே நடந்தது தலைகீழ். நகரத்தின் நடுவில் இருந்த குழந்தையை, ஏழைகள் மட்டுமே உள்ள நகர விளிம்புக்கு அனுப்பினார்கள். சீட்டுப் போட்டு அல்ல, புல்டோசர் வைத்து.

இந்த வித்தை பழசு. மான்செஸ்டர் நகரத்தைச் சுற்றிப் பார்த்து ஏங்கெல்ஸ் 1845இல் எழுதினார்: பெரிய தெருக்களின் இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்பதால், பணக்காரர்கள் தங்கள் பங்களாவிலிருந்து வியாபார ஸ்தலத்துக்கு வண்டியில் போகும்போது, பின்னால் இருக்கும் தொழிலாளர் சந்துகள் கண்ணில் படுவதே இல்லை என்று. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏ.சி. காரில் போகிறவருக்குக் கண்ணகி நகர் எங்கே தெரிகிறது? வீட்டுப் பிரச்னை பற்றி 1872இல் எழுதும்போது, முதலாளிகளுக்குத் தெரிந்த ஒரே வழி சேரியை ஒழிப்பதல்ல, வேறிடத்துக்கு நகர்த்துவதுதான் என்றும் அவர் காட்டினார். நூற்றைம்பது வருஷம் கழித்தும் நம் அதிகாரிகள் வேறு பாடம் படிக்கவில்லை.

ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் சாக மாட்டார்களா, 2015ஐ மறந்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். கேட்க வேண்டிய கேள்விதான். யாரும் வெள்ளத்தில் சாகக் கூடாது. ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மலை உச்சியிலா இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பூமி அது. பெருமழை பெய்தால் செம்மஞ்சேரித் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லி இன்னொரு வெள்ளத்தில் இறக்குவது என்ன ரட்சிப்பு? தவிர, வேறு வழியே இல்லாமலும் இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்த காலத்தில், குடிசைகள் இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ மாடி வீடுகள் கட்டினார்களே! நகரத்தின் நடுவில் இன்றும் அவை நிற்கின்றன. பல இடங்களில் பழசாகி இடித்துக் கட்டுகிறார்கள். அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளியும் காலேஜும் இருந்தன. நிலத்தின் விலை ஏறியது. ஏழைகள் நகரத்துக்கு வெளியே போனார்கள். நடந்தது அவ்வளவுதான்.

"கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா வரவில்லையா?" என்று இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. வந்தாள்! 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணிக்கு அவள் துணைத் தலைவி. தன் ஊர்ப் பெயரை மறைக்கவில்லை. கண்ணகி நகர் கார்த்திகா என்றே நாடு அவளை அறிந்தது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஒரு கார்த்திகாவைக் காட்டி மற்றப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டுவதற்கு அந்தப் பெண் தங்கம் வாங்கவில்லை. கபடிக்கு வேண்டியது கொஞ்சம் மண், ஒரு பயிற்சியாளர், கூட ஆட ஏழெட்டுப் பிள்ளைகள். இவ்வளவு கிடைத்த இடத்தில் ஆசியாவையே ஜெயித்தார்கள் என்றால், நல்ல ஆய்வுக்கூடமும் நூலகமும் இருந்தால் என்னென்ன வந்திருக்கும்? அந்த நஷ்டத்தை யார் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள்?

இதெல்லாம் சென்னைச் சங்கதி, நமக்கென்ன என்று வயலில் நிற்கும் தோழர்கள் எண்ண வேண்டாம். கீழத்தஞ்சையில் பண்ணையாளின் குடிசை யார் மனையில் இருந்தது? மிராசுதார் மனையில். கூலி கூடக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார். பிள்ளை பள்ளிக்குப் போவதா, பண்ணை மாடு மேய்ப்பதா என்பதையும் அவரே தீர்மானித்தார், காலடி மண் அவருடையது ஆகையால். ஜனங்கள் ரத்தம் சிந்திப் போராடிய பிறகுதான் 1971இல் குடியிருப்பு மனைகளை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. மனை சொந்தமானதும், வெளியேற்றும் பயம் போனது; பயம் போனதும், பிள்ளை பள்ளிக்குப் போனது. ஆனாலும் இன்றும் எத்தனையோ கிராமங்களில் பள்ளியும் பஸ் நிறுத்தமும் ரேஷன் கடையும் ஊர்த் தெருவில். சேரி வாய்க்காலுக்கு அப்பால். மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பினால் எந்தத் தெருப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

கோவை மில் தோழர்களுக்கும் தெரியும். குளக்கரைகளிலிருந்த குடும்பங்கள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் போய்ச் சேர்ந்த கதை அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஆகவே, நோட்டீஸ் வருகிறபோது "வீடு எத்தனை சதுர அடி?" என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். முதலில், இதே இடத்தில் அல்லது நடந்து வரும் தூரத்தில் ஏன் கட்டித் தரக் கூடாது, அந்தச் சர்க்கார் நிலத்தை யாருக்காகக் காலி செய்கிறீர்கள் என்று கேளுங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே மேல்நிலைப் பள்ளி இன்று திறந்திருக்கிறதா, பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் எத்தனை இடம், கணக்குக்கும் சயன்ஸுக்கும் வாத்தியார் வந்தாயிற்றா, காலை ஐந்தரைக்குப் பஸ் உண்டா, இரவு ஒன்பதுக்கு உண்டா, ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் எங்கே போவது என்று கேளுங்கள். ஒரு தெரு ஜனங்களை ஒரே பிளாக்கில் வைப்பார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பதிலை வாயால் வாங்க வேண்டாம். காகிதத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். பள்ளி வருஷத்தின் நடுவில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடக் கூடாது என்பதில் சங்கம், மாதர், வாலிபர் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும்.

ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட ஜனங்களைத் திரும்பக் கொண்டுவருவது இனி சாத்தியமில்லை. அங்கே வேண்டியது வேறு. அடுத்த சாலையில் கண்ணாடிக் கட்டடம் கட்டச் சர்க்காரிடம் சலுகை வாங்கும் கம்பெனி, இத்தனை பேரைப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பயிற்சி கொடுத்து நிரந்தர வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். துடைப்ப வேலைக்கு அல்ல. சலுகை கொடுக்கும் சர்க்காருக்கு நிபந்தனை போட அதிகாரம் உண்டு. மனுவில் 'கண்ணகி நகர்' என்று முழுசாக எழுதி, அதற்காகவே ஒருவனைத் தள்ளினால், தள்ளிய அதிகாரியிடம் காரணம் கேட்கிற ஒரு சங்கம் அங்கே வேண்டும்.